முதுமையில் வலிமையும் திறனும்

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவரை அவர் கையிலிருந்த ஊன்றுகோலைக் கொண்டே நாம் அறிகிறோம். தொடித்தலை விழுத்தண்டினார் என்பது அவர்க்கு வழங்கும் பெயர். பாட்டில் வரும் தொடரே பாடியவர் பெயராக நிலைத்துவிட்டது. பூண் கட்டிய பெருங்கோலை ஊன்றி, இருமலுக்கு நடுவே இரண்டொரு சொற்களைப் பேசும் முதியவர் ஒருவர், நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கண்டோர் மருள ஆழ்ந்த மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்த தம் இளமையை எண்ணி இரங்குவதாக அப்பாட்டு அமைந்துள்ளது. அதன் துறை கையறுநிலை.

இலக்கியம் கற்பிப்போர் இப்பாட்டின் அவலத்தை எடுத்துக்காட்டுவர். உடல்நூல் பயின்றவர் வேறொன்றையும் காண்பர். அம்முதியவர் நடையை முற்றும் இழந்தாரல்லர், கோலூன்றியேனும் நடக்கின்றார். அவர் இழந்தது பாய்ச்சல். உடலின் எடை முழுவதையும் நொடிப்பொழுதில் எழுப்பி எறியும் அந்த ஆற்றலே முதுமையில் முதற்கண் நம்மை விட்டு நீங்குவது என்பதைச் சென்ற நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன. நீங்கியதில் ஒரு பகுதியை எண்பதிலும் தொண்ணூறிலும் மீட்டுக்கொள்ளலாம் என்பதையும் அவை காட்டியுள்ளன. கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த நம் பெரியோர்க்கு இச்செய்தி எவ்வாறு பயன்படும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இரண்டும் ஒன்றல்ல

வலி, வலிமை, உரம், மொய்ம்பு, திறல், ஆற்றல் என்று தமிழில் இப்பொருட் சொற்கள் பலவுண்டு. செய்யுளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு எதுகை பார்க்கலாம். பேச்சு வழக்கிலும் இவற்றை ஒரு பொருளாகவே ஆள்கிறோம். ஆனால் அறிவியல் வகுப்பில் அவ்வாறு ஆள இயலாது. ஒரு தசை எவ்வளவு பெரிய சுமையைத் தூக்க வல்லது என்பது அதன் வலிமை. அச்சுமையை எத்துணை விரைவில் தூக்க வல்லது என்பது அதன் திறன். விசையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பதே திறன் என்று மாணவர்க்கு நாம் எழுதிப் போடுவதன்றோ?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழுகிறார். அவர் உடல் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர்கிறது எனக் கொள்வோம். அதற்கு வேண்டும் வேலை 235 ஜூல். அவர் ஒரு நொடியில் எழுந்துவிட்டால் அவருடைய கால்கள் காட்டிய திறன் 235 வாட். இரண்டு நொடி எடுத்துக்கொண்டால் அதில் பாதிதான். வேலை ஒன்றே, எழுந்ததும் உண்மையே. இருவரும் எழுந்துவிட்டனர் என்று பார்ப்போர் கூறுவர். ஆயினும் முதலாமவர் வடிகாலைத் தாண்டுவார். இரண்டாமவர் தாண்டத் தயங்குவார்.

விரைவு எதற்கு? முதியவர் என்ன ஓட்டப்பந்தயத்துக்கா போகிறார் என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. விடை வீட்டு வாசற்படியில் இருக்கிறது. கால் விரல் தடுக்கி உடல் முன்னே சாயும்போது, மற்றொரு காலைத் தூக்கி முன்வைத்து, அக்காலால் உடலைத் தாங்கி நிறுத்த நமக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் கால் முன்னே சென்றாக வேண்டும். சென்ற கால் மடங்காமல் நின்றாக வேண்டும். மெல்ல மெல்லத் திரளும் வலிமை எவ்வளவு பெரிதாயினும் அந்த நொடிக்கு உதவாது. அது திரண்டு வருமுன் உடல் தரையைத் தொட்டுவிடும். தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்து படுக்கையில் வீழ்ந்தவர் பழையபடி எழுந்து நடமாடுவது அரிது என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் உறவிலேயே கண்டிருப்போம். அந்த ஒரு நொடியில் வெளிப்பட வேண்டியதுதான் திறன்.

தசையில் நடப்பது

நம் தசைகள் நுண்ணிய நார்களால் ஆனவை. அந்நார்களில் இரு பெரும் வகையுண்டு. ஒன்று மெல்லச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைப்பது. நிற்கவும் நடக்கவும் பயன்படுவது. மற்றொன்று விரைந்து சுருங்கி விரைவில் களைப்பது. தாவவும் எறியவும் தடுக்கும்போது காலை முன்வீசவும் பயன்படுவது. முன்னதை மெதுநார் என்றும் பின்னதை விரைநார் என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

முதுமையில் இரண்டும் ஒரே அளவில் குறைவதில்லை. 1988ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் லெக்செலும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 15 முதல் 83 வயதுக்குள் இறந்துபட்ட ஆடவர் 43 பேரின் தொடைத் தசையை முழுக் குறுக்குவெட்டாக அறுத்து, நார்களை எண்ணிக் கணக்கிட்டனர். 20 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையில் அத்தசையின் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கியிருந்தது. நார்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. எஞ்சியவற்றுள் விரைநார்களே பெரிதும் மெலிந்திருந்தன. தண்டுவடத்திலிருந்து தசையை ஏவும் நரம்பணுக்கள் வயது ஏற ஏற மடிவதும், அநாதையாக விடப்பட்ட விரைநார்களை அண்டையிலுள்ள மெதுநார் நரம்புகள் தம் வயமாக்கிக்கொள்வதும் இதற்குக் காரணங்கள் என்பர். ஆதலின் வலிமை குறைவதைவிட விரைவாகத் திறன் குறைகிறது.

இத்தேய்வுக்கு 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் ஒரு பெயரிட்டார். கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்துச் ‘சார்க்கோபீனியா’ என்றார். தசை என்பது முதற்சொல்லின் பொருள். வறுமை என்பது இரண்டாவதன் பொருள். தசை வறுமை என்று நாம் தமிழில் தயங்காது சொல்லலாம். பெயரில்லாத நோயை எவரும் கவனிப்பதில்லை. ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லால் மூடி வைத்திருந்ததை அவர் பெயரிட்டு வெளிக்கொணர்ந்தார்.

காண்டா வாளி கொடுத்ததும் எடுத்ததும்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை பயிரிட்டார். மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோங்கூர்ப் பரிசைப் பெற்றவரும் அவரே. நாட்டின் செம்பனைக்குத் தொட்டிலாகிய தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழன் வாய்ச்சொல்லே, அமைந்தது ஒரு வேடிக்கை. நட்டதும் களை பறித்ததும் குலை சுமந்ததும் தமிழரே என்பதற்கு அப்பெயரே சான்றாக நிற்கிறது.

கித்தாக் காட்டு வேலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. பிறகு நிரை நிரையாக நானூறு, ஐந்நூறு மரங்கள். வெட்டு தாழ்ந்திருந்த மரத்தில் குந்தி வெட்டி எழ வேண்டும். அடுத்த மரத்தில் மறுபடியும் குந்தி எழ வேண்டும். வெயில் ஏறியதும் மங்குப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றி, சறுக்கும் மரப்பாலத்தில் வடிகாலைக் கடந்து ஸ்டோருக்குச் சேர்க்க வேண்டும். வாளிக்கு 20 லிட்டர் என்று கொண்டாலும் தோளில் ஏறியது ஏறத்தாழ 40 கிலோ. செம்பனைக் காட்டிலோ, நெடுங்கம்பில் கட்டிய அரிவாளை மேலே நிறுத்தி இழுத்துக் குலையை வீழ்த்தினர். வீழ்ந்த குலையைக் கம்பியால் குத்தி லாரிக்குள் எறிந்தனர். 20 கிலோக் குலையைத் தலைக்கு மேல் எறிவது வலிமை மட்டுமன்று. முழுத் திறனும் அதில் வெளிப்படும். இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் பணம் கொடுத்துச் செய்வதை நம்மவர் அன்றாடக் கூலிக்குச் செய்தனர்.

அவ்வாறு உழைத்தவரிடம் போய்ப் பயிற்சி செய்யுங்கள் என்றால், “நான் பார்க்காத வேலையா? இந்த உடம்புக்கு இன்னும் என்ன பயிற்சி?” என்று கேட்கின்றனர். அவர்கள் சொல்வதில் பெருமிதம் உண்டு. அப்பெருமிதத்துக்கு அவர்கள் உரியவர்களே. ஆனால் அச்சொல்லில் ஒரு பிழையும் உண்டு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாட்டில் அமைந்த ஊழியர் சேமநிதியில் இட்ட வெள்ளி, ஓய்வு பெறும் நாள்வரை வட்டியோடு காத்திருக்கும். தசைக்கு அத்தகைய சேமநிதி கிடையாது. முப்பது ஆண்டு சுமந்த தோளாயினும், சுமப்பதை விட்டால் சில வாரங்களிலேயே தேயத் தொடங்கும். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், நோயற்ற முதியோர் 12 பேர் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு குறைந்தது. காய்ச்சலென்றும் அறுவை மருத்துவமென்றும் பத்து நாள் படுத்து எழுந்த பெரியவர் ‘முன்போல இல்லை’ என்பது வெறும் மனச்சோர்வன்று என்பதை இதனால் அறிக.

தோட்ட வேலை தேயச் செய்ததும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஒரே தோளில் சுமை, ஒரே பக்கம் வளைந்த முதுகு, ஆயிரம் முறை மடங்கிய முழங்கால் ஆகியன மூட்டுகளைக் கெடுத்தன. உடற்பயிற்சியில் சுமை அளவாக ஏறும். இடையே ஓய்வு உண்டு. இரு பக்கமும் சமமாக உழைக்கும். வேலையில் இம்மூன்றும் இல்லை. தோட்டத்தில் சுமையை அளந்தது கிராணியின் தராசு. உடம்பின் நலத்தை எவரும் அளக்கவில்லை. வேலை வேறு, பயிற்சி வேறு என்று பிரித்துணர வேண்டியது இதனாற்றான்.

இன்று அப்பெரியோர் வாழும் சூழலும் மாறிவிட்டது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்க் குடியிருப்புகள் வந்தன. ‘லாடாங்’ என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் சில, தோட்டமே இல்லாத இடத்தில் நிற்கின்றன. பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் தலைநகரிலும் வேலைக்குப் போய்விட்டனர். லயத்தில் திண்ணையிலும் தரையிலும் அமர்ந்து எழுந்தவர், தமானில் மெத்தை நாற்காலியில் அமர்கின்றனர். குந்தி எழும் கழிப்பறைக்கு மாறாக நாற்காலிக் கழிப்பறை வந்துவிட்டது. மூட்டு வலியுற்றோர்க்கு இது நல்லதே. எனினும், நாளொன்றுக்குப் பத்து முறையாவது தரைவரை தாழ்ந்து எழுந்த தொடைகள் இப்போது ஒரு முறையும் தாழ்வதில்லை. கோயில் அன்னதானப் பந்தியில் தரையில் அமர்ந்து உண்டவர் பிறர் கைபிடித்து எழுவதை எத்தனை முறை காண்கிறோம்! பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயதுக்குட்பட்ட 2002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, பின்னர்ச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கையும் முழங்காலும் மிகுதியாக ஊன்றி எழுந்தவர்களிடையே இறப்பு மிகுந்திருந்ததென 2012ஆம் ஆண்டில் எழுதினர். ஊன்றி எழுந்ததே இறப்புக்குக் காரணமென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அது உடலின் நிலையைக் காட்டும் ஓர் அடையாளம், அவ்வளவே.

நடந்தால் போதாதா?

மாலையில் நடப்பது நம் பெரியோரிடையே பரவியிருக்கும் நல்ல வழக்கம். நெஞ்சுக்கும் குருதி அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அது நன்மை செய்யும். அதனை விடவேண்டா. ஆனால் சமதளத்தில் மெல்ல நடக்கும்போது உழைப்பவை பெரும்பாலும் மெதுநார்கள். விரைநார்களை உடல் எளிதில் அழைப்பதில்லை. சுமை கூடினாலோ விரைவு கூடினாலோதான் அவற்றை ஏவும். கோல சிலாங்கூர் வட்டாரத்தின் பெரும்பகுதி கடலோரச் சமவெளி. 1907ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கும் மெலாவத்திக் குன்றை விட்டால், அந்நகரில் காலை மேலே தூக்கி வைக்க இடமில்லை. ஆதலின் ஆண்டு முழுதும் நாள்தோறும் நடந்தவரும் தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் நாற்பதாம் படியிலேயே கம்பியைப் பற்றி நின்றுவிடுகிறார். மூச்சு வாங்குவதால் மட்டும் நிற்கவில்லை. தொடை எழும்ப மறுக்கிறது.

இன்னுமொன்று. இளைஞன் நாற்காலியிலிருந்து எழத் தன் கால்வலிமையில் ஒரு பகுதியையே செலவிடுகிறான். எண்பது வயது முதியவர் அதே செயலுக்குத் தம்மிடமுள்ள வலிமை முழுவதையும் திரட்ட வேண்டியுள்ளது. எழ இயலும், எழ இயலாது என்னும் இவற்றின் இடையே ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்புக்குச் சற்று மேலே நிற்பவர் நலமாகவே தோன்றுவார். ஒரு காய்ச்சல் வந்து சிறிதளவு தசையைக் கொண்டுபோனால் அவர் வரம்புக்குக் கீழே வீழ்ந்து, பிறர் கையை எதிர்பார்ப்பவராகிவிடுவார். பெண்கள் தொடக்கத்திலேயே குறைந்த தசையுடையவராதலின் அவ்வரம்பை முன்னதாக எட்டுகின்றனர். களைக்கொல்லிப் பம்பை முதுகில் சுமந்து வெளிக்காட்டு வேலை செய்த தாய்மார் இன்று குளியலறைக்குப் போகப் பேத்தியை அழைப்பதன் விளக்கம் இதுவே.

நம்மவரிடையே மிகுந்து காணும் நீரிழிவையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு அந்நோய் இருந்தது. மூன்று பெரும் இனங்களுள் இந்தியரிடமே அது மிகுதி. உண்ட உணவால் குருதியில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் தசையே. தசை சுருங்கினால் களஞ்சியமும் சுருங்கும்.

தொண்ணூறு வயதில் பளு

1990ஆம் ஆண்டுவரை முதியோர்க்குப் பளுப்பயிற்சி என்றால் மருத்துவரே அஞ்சினர். அவ்வாண்டில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவர் நடத்திய ஆராய்ச்சி அந்த அச்சத்தை அசைத்தது. தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை அவர் தேர்ந்தார். தொடையின் முன்தசைக்கு, அவரவர் தூக்க வல்ல உச்சப் பளுவில் எண்பது விழுக்காடு அளவுக்குச் சுமை ஏற்றி, எட்டு வாரம் பயிற்றுவித்தார். முடித்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அஃதாவது முன்னிருந்ததுபோல் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. இருவர் கோலை விட்டு நடந்தனர். தொடித்தலை விழுத்தண்டினார் இதனைக் கேட்டிருந்தால் என்ன பாடியிருப்பாரோ!

பத்துப் பேரை வைத்து உலகுக்கு முடிவு கூறலாமா என்று ஐயுற்றோர்க்கு 1994ஆம் ஆண்டில் விடை வந்தது. இம்முறை நூறு பேர். சராசரி வயது 87. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலிமை 113 விழுக்காடும், படியேறும் திறன் 28 விழுக்காடும் உயர்ந்தன. பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்க்கு அப்பயன் கிட்டவில்லை. கடைகளில் முதியோர்க்கென விற்கும் விலையுயர்ந்த பால்மாவுகளை வாங்கி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கும் பிள்ளைகள் இம்முடிவை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஆயினும் இரும்புப் பளுவுக்கும் எந்திரத்துக்கும் நம் ஊரில் எங்கே போவது? 2005ஆம் ஆண்டில் சிட்னி நகர ஆய்வாளர் வெளியிட்ட முடிவு நமக்கு ஆறுதலானது. அறுபது வயதைக் கடந்த 112 பேரைப் பகுத்து, ஒரு குழுவினர்க்கு உச்சப் பளுவில் 20 விழுக்காடும், அடுத்த குழுவினர்க்கு 50 விழுக்காடும், மூன்றாம் குழுவினர்க்கு 80 விழுக்காடும் கொடுத்தனர். நான்காம் குழுவினர்க்குப் பயிற்சி இல்லை. தூக்கும்போது இயன்ற விரைவோடு தூக்க வேண்டும், இறக்கும்போது மெல்ல இறக்க வேண்டும் என்பதே முதல் மூன்று குழுவினர்க்கும் விதி. மூன்று குழுவினர்க்கும் திறன் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்தது. வலிமை மட்டும் பளுவுக்கேற்ப வேறுபட்டது. திறனைப் பெருக்குவதில் சுமையின் அளவைவிட விரைந்து எழ வேண்டும் என்னும் முனைப்பு முதன்மை பெறுகிறது என்பது இதனால் விளங்கும். நம் சிலம்ப ஆசான்கள் கனமான கர்லாக்கட்டையோடு இலேசான கட்டையையும் வைத்து விரைந்து சுழற்றப் பழக்கியதில் இந்நுட்பம் அடங்கியிருந்தது. ஆனால் நம் முன்னோர் இளவட்டக்கல்லை இளைஞர்க்கே வைத்தனர். முதியவர்க்கு வைத்தது கோல் ஒன்றே.

நாற்காலியே கூடம்

பயிற்சிக்கு வேண்டிய முதற்கருவி சக்கரமில்லாத, அசையாத நாற்காலி ஒன்று. அதனைச் சுவரோடு சேர்த்துப் போடுக. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி எழுந்து நின்று, மீண்டும் அமர்க. முதல் மூன்று நான்கு வாரம் எழுவதும் அமர்வதும் மெதுவாகவே இருக்கட்டும்; மூட்டும் நரம்பும் பழகட்டும். பழகிய பின்னர், எழுவது இயன்ற விரைவில். அமர்வது மூன்று எண்ணி மெல்ல. எட்டு முறை எழுந்தபின் இரண்டு நிமிடம் ஓய்வு. அவ்வாறு இரண்டு, மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இடையே ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். தசை வளர்வது ஓய்வில். கை ஊன்றாமல் எழ இயலாதவர் இருக்கையில் தலையணை இட்டு உயர்த்திக்கொள்க. வாரந்தோறும் உயரத்தைக் குறைத்து வருக. எட்டு முறையும் களைப்பின்றி எழ வல்லவர் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொள்க. இறுதி இரண்டு முறை சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். இல்லையேல் தசைக்குச் செய்தி போய்ச் சேராது.

எண்ணுவதை உரக்க எண்ணுக. உரக்க எண்ணுபவர் மூச்சை அடக்க இயலாது. மூச்சையடக்கிப் பளு எழுப்பினால் குருதி அழுத்தம் திடீரென ஏறும். முதியோர் தவிர்க்க வேண்டியது அதுவே.

நாற்காலி கைவந்தபின், சுவரைத் தொட்டு நின்று குதிகாலை விரைந்து உயர்த்தி மெல்ல இறக்கலாம். சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து, உடலை விரைந்து தள்ளி மெல்லத் திரும்பலாம். கைப்பிடியுள்ள ஒற்றைப் படியில் ஏறி இறங்கலாம். அரை வாளி நீரை இரு கையிலும் தாங்கி இருபது அடி நடப்பது, காண்டா வாளியை நினைவூட்டுவதால் நம் பெரியோர்க்குச் சொல்லாமலே விளங்கும். ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியைச் சுவரருகில் சேர்த்துக்கொள்ளலாம். 65 வயதைக் கடந்தோர் வாரத்துக்கு மூன்று நாளேனும் சமநிலையும் வலிமையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்யவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த வழிகாட்டி கூறுகிறது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்துக. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், குருதி அழுத்தம் கட்டுப்படாதவர், நீரிழிவால் கண்ணின் விழித்திரை கெட்டவர் ஆகியோர் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலின் ஏற்றுவோர் வெறும் வயிற்றில் செய்யலாகாது. பாதம் மரத்தவர் காலணியோடு செய்க. முழங்கால் தேய்ந்தவர் உயர்ந்த இருக்கையில் தொடங்கலாம். மூட்டில் கூர்மையான வலி வேறு, தசையில் மறுநாள் தோன்றும் நோவு வேறு. பின்னதற்கு அஞ்ச வேண்டா.

உணவைப் பற்றி ஒரு சொல். முதியோர் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் உண்ணவேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழு பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 60 முதல் 72 கிராம். காலையில் ரொட்டியும் தேநீரும், இரவில் கஞ்சியும் ஊறுகாயும் என்று உண்பவர் இதில் பாதியையும் எட்டார். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. கெம்போங் மீன், மத்தி, தவ்ஃபூ, தெம்பே, பருப்பு ஆகியன விலை குறைந்தவை. சந்தையில் என்றும் கிடைப்பவை. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இவ்வளவு பொருந்தாது. அவர் மருத்துவர் சொற்படி உண்க.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

இப்பயிற்சியைத் தனியே செய்வோர் விரைவில் விட்டுவிடுகின்றனர். கூடிச் செய்வோர் தொடர்கின்றனர். தோட்டப்புற ஊர்களில் கோயில் மண்டபம் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, இரண்டிலும் நாற்காலிகள் உண்டு. சமூக நல இலாகாவின் ஆதரவில் இயங்கும் முதியோர் நடவடிக்கை மையங்களும் பல ஊர்களில் உள்ளன. வாரத்தில் இரு மாலை, அரை மணி நேரம், பத்துப் பதினைந்து பெரியோரைச் சேர்த்து எண்ணிக்கை சொல்ல ஒருவர் வேண்டும். எண்ணிக்கை சொல்வதில் ஆசிரியரை விஞ்சியவர் யார்? பெரியவர்களை ‘இத்தனை செய்’ என்று ஏவாமல், ‘ஐயா, அம்மா, இன்னும் ஒன்று’ என்று அழைத்துச் சொல்வதும் அவர்க்குக் கைவந்த பழக்கம்.

தொடங்கும் நாளில் ஓர் அளவு எடுத்துவைப்பது நலம். கை கட்டி, ஐந்து முறை எழுந்து அமர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 12 நொடியும் அதற்கு மேலும் ஆனால் தசை வறுமையை ஐயுற வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டில் ஆசிய அறிஞர் குழு வகுத்த அளவு. அந்த எண்ணைப் பெயருக்கு நேரே குறித்து, எட்டாம் வாரத்தில் அதே நாற்காலியில் மறுபடியும் பார்க்க. இடையில் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்றை நினைவூட்டியனுப்ப வேண்டும். பாஸ்டன் முதியோர் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், உச்ச வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டனர். பிள்ளைகள் வீட்டிலும் நாற்காலி இருக்கும்.